வெர்னா வீட்டுத் துப்பாக்கியின் ஆணிகள்

மார்ச் 9, 2010, செவ்வாய்

பனி இன்னும் விடவில்லை. காலையில் பள்ளிக்கூட பஸ் போனது. வெர்னா ஓல்ட்ஹார்ன் ஸ்டியரிங்கை விடாமல் இரண்டு விரலைத் தூக்கினாள். நான் ஜன்னலோரம் நின்று காபிக் குவளையைத் தூக்கினேன். இந்தச் சாலையில் எதிரே வருகிற யாருக்கும் ஒரு விரல் தூக்கி வணக்கம் சொல்வார்கள். வேண்டியவர்களுக்கு இரண்டு.

சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டுத் தன் வண்டியில் வந்தாள். கம்பளியில் சுற்றி ஒரு துப்பாக்கி. பிரித்ததும் எனக்குக் கை பரபரத்தது. ஷார்ப்ஸ். எருமை வேட்டைக் காலத்துச் சாமான். லீவரைக் கீழே இறக்கினால் பூட்டுக்கட்டை இறங்கி வாய் திறக்கும். ஒரு தோட்டா வைத்து லீவரை ஏற்ற வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு குண்டு, அவ்வளவுதான். இதில் லீவர் பாதி வழியில் சிக்கி நிற்கிறது. சுடும் ஊசியின் முனை வேறு போயிருக்கிறது.

"லீவர் வேலை செஞ்சா போதும் ஆர்விட். ஜூன்ல வேணும். வேற எதையும் தொடாதீங்க."

"ஜூன்ல என்ன?"

"கெய்லா வர்றா ஈராக்குல இருந்து. என் பொண்ணு வர்றப்ப இது சுடணும்."

இவ்வளவுதான் சொன்னாள். நானும் மேலே கேட்கவில்லை. செலவு ஏறிவிடுமோ என்று பயந்துதான் வேறு எதையும் தொடாதே என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பஸ் ஓட்டுகிற சம்பளத்தில் என்ன மிஞ்சும்.

மார்ச் 11

என் மனைவி டோரிஸ் உயிரோடு இருந்தால் இதையெல்லாம் அவளே எழுதியிருப்பாள். பள்ளிக்கூட வாசலைச் சரியாக மிதிக்காதவன் நான். நாற்பது வயதில் சமையலறை மேஜையில் உட்கார வைத்து அவள்தான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். இன்றைக்கும் செய்தித்தாளை எடுத்தால் மூச்சு வாங்குகிறது. ஆனால் ஒரு துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டால் சாகிற வரைக்கும் மறக்காது. பையனாக இருந்தபோது மைல்ஸ் சிட்டி ஏலத்தில் பார்த்த ஒரு பாலர்ட் துப்பாக்கியில் கட்டையின் எந்த மூலையை நாய் கடித்திருந்தது என்று கேட்டால் இப்போதும் சொல்வேன்.

வெர்னாவின் ஷார்ப்ஸைக் கழற்றினேன். உள்ளே எழுபது வருட மசகு கல்லாக இறுகிக் கிடக்கிறது. இரும்பு நல்ல இரும்பு. அசிங்கம் தோளில் வைக்கிற மரக்கட்டையில்தான். இரண்டு பக்கமும் பித்தளைக் குமிழாணிகள், வரிசை வரிசையாக. சில நேராக, சில குடித்தவன் அடித்தது மாதிரி. நடுநடுவே ஆணி விழுந்துபோன வெறும் ஓட்டைகள்.

மார்ச் 15, திங்கள்

வெண்டல் வந்தான். தீவனக்கடையை மகனிடம் விட்ட நாளிலிருந்து என் பட்டறைதான் அவனுக்கு வீடு. ஷார்ப்ஸைப் பார்த்ததும் காபியைக் கீழே வைத்தான்.

"ஆணி அடிச்சிருக்கே. எந்தச் சுற்றுலாக்காரன் தலையில கட்டப் பாத்தாங்க?"

"வெர்னாவோடது."

"அப்ப வெர்னா வீட்டுத் தலையில கட்டியிருக்காங்க. உன் காந்தத்த எடு கிழவா. உனக்கே அரிப்பு எடுத்துத்தானே நிக்கிற."

உண்மைதான், அரிப்பு எடுத்துத்தான் நின்றேன். பழங்குடிக்காரர் பித்தளை ஆணி அடித்து வைத்திருந்த துப்பாக்கி என்றால் சேகரிப்பவர்கள் மத்தியில் மவுசு அதிகம். அதனால் ஊர்பேர் தெரியாத துப்பாக்கியில் புதுக் குமிழாணி அடித்து விற்கிற கூட்டம் ஒன்று உண்டு. பழைய ஆணி முழுப் பித்தளை, வார்த்தது, அதன் கால் சதுரமாக இருக்கும். புதியது இரும்புக் கம்பி மேல் பித்தளைப் பூச்சு. காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பழந்துப்பாக்கிச் சங்கத்தில் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

காந்தத்தை வைத்தேன். டக். அடுத்தது. டக். ஏறக்குறைய எல்லாமே ஒட்டியது.

"படிச்சவன் புத்தகத்தப் படிப்பான். நீ மரத்தப் படிக்கிற," என்றான் வெண்டல்.

கேட்க நன்றாக இருந்தது. எழுதும்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 16

கட்டையில் இருந்த ஆணியெல்லாம் பிடுங்கினேன். மணிக்கட்டு என்று நாங்கள் சொல்கிற, கை பிடிக்கிற ஒடுங்கிய பக்கம் முதல் வரிசையில் நாலைந்து காந்தத்தில் ஒட்டவில்லை. கால் சதுரம். பழையது. கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தேன். நம்ப வைக்க நாலு நிஜத்தையும் கலந்து அடித்திருக்கிறான், கெட்டிக்காரப் பயல், என்று சொல்லிக்கொண்டேன். அவற்றையும் மரச்சீவலோடு சேர்த்துத் தள்ளிவிட்டேன். அடுப்பில் போயிற்று.

மார்ச் 27

கட்டைக்கு நீராவி கொடுத்தேன். ஈரத்துணி, மேலே இஸ்திரிப் பெட்டி. அமுங்கிய மரம் எழும்பி வந்தது. ஓட்டைகளுக்கெல்லாம் வால்நட் குச்சி சீவி, பசை வைத்து அடைத்து, மட்டமாகத் தேய்த்தேன். பிறகு ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையாலேயே. தினம் ஒரு பூச்சு. மரத்துக்குள் இருந்து சிவப்பு ஏறி வருகிறது. எந்த இடத்தில் ஆணி இருந்தது என்று என் கண்ணுக்கே தெரியவில்லை.

இதற்குக் கூலி கேட்கப் போவதில்லை. மகள் போரில் இருந்து வருகிறாள். என் பங்காக இருக்கட்டும்.

ஏப்ரல் 10, சனி

சங்கக் கூட்டத்துக்கு ஷார்ப்ஸை எடுத்துப் போனேன். கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். எல்லோரும் வாங்கியவுடன் லீவரை இறக்கி வாயில் தோட்டா இல்லையே என்று பார்த்துத்தான் தோளில் வைப்பார்கள். லீவர் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. ஆணிக் கதையைச் சொன்னேன். காந்தம் டக் டக் என்று ஒட்டியதைச் சொன்னபோது அறையே சிரித்தது. இன்னொரு தரம் சொல்லு என்றார்கள். சொன்னேன்.

மே 2, ஞாயிறு

எப்படி எழுதுவது.

வெர்னா துப்பாக்கியை எடுத்துப் போக வந்தாள். மேஜைமேல் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். துணியை நானே எடுத்தேன். முகத்தைப் பார்க்கலாம் என்று. கிழட்டு மடையன்.

பார்த்தாள். அடுத்த மேஜையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"எங்களோடது எங்க?"

"இதுதான் வெர்னா. லீவரை இறக்கிப் பாரு."

"இல்ல. எங்களோடது எங்க?"

போலி ஆணி என்று சொல்ல ஆரம்பித்தேன். காந்தத்தைக் கூடக் கையில் எடுத்துவிட்டேன். அவள் என் பேச்சைக் கேட்கவில்லை. கட்டையைக் கையால் தடவினாள், இருட்டில் சுவரைத் தடவுவது மாதிரி. பிறகு மெதுவாகச் சொன்னாள். குரலை உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவளுடைய பாட்டனாரின் துப்பாக்கி அது. அவர்களுடைய பழங்குடிப் பிள்ளைகளை அரசாங்கம் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பிடித்துக்கொண்டு போன காலத்தில், திரும்பி வந்த பிள்ளைக்கு ஒரு ஆணி என்று ஆரம்பித்தது. பிறகு சண்டைக்காகப் பிரான்சுக்குப் போய் வந்தவருக்கு. கொரியாவுக்குப் போய் வந்தவருக்கு. வந்ததும் வானத்தைப் பார்த்து ஒரு தடவை சுட வேண்டும். வீட்டில் காத்திருந்தவர் தன் கையால் ஆணி அடிக்க வேண்டும். அந்தந்தக் காலத்தில் கடையில் என்ன ஆணி கிடைத்ததோ அது. சோபாவுக்கு அடிக்கிற ஆணி.

"புதுசாத்தான் இருக்கும் ஆர்விட். என் சித்தப்பா எழுபத்தோராம் வருஷம்தான் வந்தாரு."

ஓட்டைகள்? நானே கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன்.

"அது வராதவங்களுக்கு. ஊசியால ஒரு ஓட்டை. ஆணி கிடையாது."

கடைசி வரிசையில் இருந்த ஓட்டை லேலண்டுடையது. அவளுடைய அண்ணன். லேலண்டை எனக்குத் தெரியும். வியட்நாமுக்குப் போவதற்கு முன் இரண்டு கோடை எங்களோடு வைக்கோல் அடுக்கினான். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் சிரிப்பான். அவன் ஓட்டையில் நான் குச்சி செருகிப் பசை வைத்து, மட்டமாகத் தேய்த்து, தெரியாமல் செய்துவிட்டேன். நன்றாகச் செய்தேன்.

துப்பாக்கியை எடுக்காமலே போய்விட்டாள்.

மே 3

பஸ் போனது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

மே 5

அந்த ஓட்டைகளைச் சுற்றி ஆணித்தலையின் தடம் இருந்ததில்லை. ஆணி இருந்து விழுந்திருந்தால் மரத்தில் வட்டமாக ஒரு வெளுப்பு இருக்கும். இல்லை. அதையும் பார்த்தேன். பார்த்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சதுரக் காலையும் பார்த்தேன். அவள் சொன்னதையும் கேட்டேன், வேற எதையும் தொடாதீங்க என்று.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? துப்பாக்கியைப் பற்றி வெர்னாவுக்கு என்ன தெரியும் என்றுதானே. எழுதிவிட்டேன். இதற்குமேல் எழுத முடியவில்லை.

மே 6

வெண்டல் வந்தான். சொன்னேன். கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"உனக்கு எப்படிடா தெரியும்? யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பான்."

"அவ தொடாதேன்னு சொன்னா வெண்டல்."

"சரி, கூட்டத்துல யாருக்கும் தெரிய வேண்டாம். நான் வாயத் திறக்க மாட்டேன்."

நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அது இன்னும் மோசமாக இருந்தது.

மே 8

குளிர்காலம் முழுக்க அடுப்புச் சாம்பலைக் கொட்டுகிற குவியல் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது. டோரிஸின் மாவுச் சல்லடையை எடுத்துப் போனேன். முட்டி போட முடியவில்லை. வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.

காந்தத்தைச் சாம்பலுக்குள் விட்டு இழுத்தால் ஆணிகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. போலி என்று சொன்ன அதே காந்தம். பூச்சு எரிந்து கருத்துப்போயிருக்கின்றன.

முழுப் பித்தளைகள் காந்தத்தில் வராது. அவற்றை விரலால்தான் தேட வேண்டும்.

மே 9

தேடினேன்.

மே 12

கடைசி ஒன்றும் கிடைத்துவிட்டது. ஒன்று மட்டும் உருகிப் பட்டாணி மாதிரி ஆகியிருக்கிறது. அதையும் டப்பாவில் போட்டேன்.

மே 16, ஞாயிறு

துப்பாக்கியில் இருந்து கழற்றிய கட்டையையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வெர்னா வீட்டுக்குப் போனேன். நாய் குரைத்தது. அவள் வெளியே வந்து படியிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. எனக்கும் போகத் தைரியம் இல்லை.

டப்பாவைத் திறந்து காட்டினேன். விரலால் கிளறினாள். விரல் கருப்பாயிற்று.

"இத வச்சு நான் என்ன பண்ண? எது எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. அம்மாவுக்குத்தான் தெரியும். அவங்களும் போயிட்டாங்க."

"எனக்குத் தெரியும்," என்றேன். "ஒவ்வொண்ணும். எது எந்தப் பக்கம் சாஞ்சிருந்தது, எது தலை நசுங்கியிருந்தது, எல்லாம்."

உதவியாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் என்னை நீங்க என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"உனக்குத் தெரியும். உனக்கு. அத்தனையும் பாத்து, அத்தனையும் ஞாபகம் வச்சுக்கிட்டு, அப்புறம் பிடுங்குன."

வண்டியில் ஏறிவிட்டேன். கட்டையும் டப்பாவும் படியில் இருந்தன. அவள் எடுத்து உள்ளே வைத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

மே 20

போன். வெர்னா. "ஞாயித்துக்கிழமை வாங்க. ஞாபகத்த மட்டும் கொண்டுவாங்க. கருவி ஒண்ணும் வேண்டாம்."

மே 23, ஞாயிறு

அவர்கள் சமையலறை. வெர்னா, அவளுடைய சித்தப்பா கார்சன், இரண்டு அத்தைமார். மேஜையில் பழைய செய்தித்தாள் விரித்து நடுவில் கட்டை. ஒரு தட்டில் பொரித்த ரொட்டி, யாரும் தொடவில்லை. என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"கை மடியிலயே இருக்கட்டும்," என்றாள் வெர்னா.

இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டால் கட்டை அப்படியே தெரிகிறது. மணிக்கட்டில் இருந்து ஆரம்பித்தேன். இந்த இடத்தில் ஒன்று, சதுரக் கால், சற்றே இடதுபக்கம் சாய்ந்தது. வெர்னா அந்த இடத்தில் குச்சியைத் துரப்பணத்தால் எடுத்தாள். எவ்வளவு ஆழம் என்று மட்டும் நான் சொன்னேன். பெரிய அத்தை அது யாருடையது என்று பெயர் சொன்னாள். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்து நடந்தே வந்தானாம். முடியை வெட்டிவிட்டிருந்ததால் அவன் தாய்க்கே அடையாளம் தெரியவில்லையாம். ஆணியை அத்தையே அடித்தாள். அடுத்தது.

உருகிப்போன ஒன்றை அவர்களே கையில் வாங்கி மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அதே இடத்தில் பசை வைத்து ஒட்டச் சொன்னார் கார்சன். அது பிரான்சுக்குப் போய் வந்தவருடையது.

"அவரு இதவிட மோசமா எரிஞ்சுதான் வந்தாரு," என்றார். அத்தைமார் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

ஒரு ஆணியைச் சொன்னேன்: தலை பெரியது, அடிக்கும்போது மரம் பிளந்திருக்கிறது, பக்கத்தில் சுத்தியல் தவறி விழுந்த தழும்பு. கார்சன் நிமிர்ந்தார்.

"அது என்னோடது. எங்கம்மா அடிச்சாங்க. கை நடுங்குச்சு."

அந்தத் தழும்பை நீராவி கொடுத்து எழுப்பி எடுத்ததும் நான்தான். அதை யாராலும் திரும்ப வைக்க முடியாது. அவரிடம் சொன்னேன். அவர் மரத்தைத் தடவிப் பார்த்தார்.

பிறகு வெறும் ஓட்டைகள். கடைசியாக லேலண்டுடையது. வெர்னாவே எடுத்தாள். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் குச்சி சுலபமாக வரவில்லை. மரமும் கொஞ்சம் பெயர்ந்துவிட்டது. முன்பு இருந்ததைவிட ஓட்டை பெரிதாகிவிட்டது.

வெர்னா தூசியை ஊதினாள். சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தாள்.

"வைக்கோல் அடுக்குறப்ப அவன் எப்படி இருந்தான்னு சொல்லுங்க," என்றாள், என்னைப் பார்க்காமல்.

சொன்னேன். தொப்பியைப் பற்றிச் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டில் டோரிஸின் ஊறுகாய் ஜாடியை ஒரே மூச்சில் காலி பண்ணியதைச் சொன்னேன். என்னிடம் வாங்கிய கையுறையைத் தராமலே போனதைச் சொன்னேன். ஞாபகம் இருந்ததெல்லாம் சொன்னேன். எல்லாமே ஞாபகம் இருந்தது.

கிளம்பும்போது ரொட்டியைத் தாளில் சுற்றி அத்தை கொடுத்தாள். வெர்னா வாசல் வரை வரவில்லை.

ஜூன் 12, சனி

கெய்லா வந்துவிட்டாள். சீருடையில்தான் இருந்தாள். ஆள் மெலிந்திருக்கிறாள். ஊரே அவர்கள் மைதானத்தில். நான் வண்டியை ஓரமாக நிறுத்தி, அதன் பக்கத்திலேயே நின்றேன். துப்பாக்கியின் மிச்சத்தையும், குண்டில்லாமல் மருந்து மட்டும் அடைத்து நானே செய்த தோட்டா ஒன்றையும் முன்னமே கார்சனிடம் கொடுத்திருந்தேன். என் பயமெல்லாம் சுடும் ஊசியைப் பற்றித்தான். நான் தீட்டிய ஊசி. சுடாமல் போனால்.

கெய்லா லீவரை இறக்கினாள். இறங்கியது. தோட்டா வைத்தாள். ஏற்றினாள். சத்தம் மலை வரை போய்த் திரும்பியது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வெர்னா கட்டையை மடியில் வைத்து ஆணி அடித்தாள். மூன்றாவது அடிக்கு ஆணி சாய்ந்தது. அப்படியே விட்டாள்.

பிறகு கொடை. வீட்டுக்கு உதவி செய்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கம்பளி கொடுப்பார்கள். டாக்டர், சமைத்தவர்கள், மேளக்காரர்கள். என் பேரைக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிடக் கூடாது என்று நின்றிருந்தேன். கூப்பிட்டார்கள். துப்பாக்கியைச் சுட வைத்தவர் என்று. நடந்து போனேன். அத்தனை பேர் முன்னால். கெய்லாதான் கொடுத்தாள்.

"அம்மா எல்லாம் சொன்னாங்க தாத்தா," என்றாள் காதோடு. "வாங்கிக்குங்க. எல்லாரும் பாக்குறாங்க."

வாங்கிக்கொண்டேன். கை கொடுத்தாள். என் கண் அவள் காலணியைத் தாண்டி மேலே ஏறவில்லை.

ஜூன் 13

கம்பளியைப் பிரிக்கவில்லை. நாற்காலியில் மடித்தபடி இருக்கிறது.

ஜூலை 18, ஞாயிறு

சங்கத்தின் போட்டி. தூரத்தில் எருமை வடிவத்தில் ஒரு இரும்புத் தகடு, ஒற்றைக் குண்டில் சுட வேண்டும். நான் இந்த வருடம் சுடவில்லை. மத்தியானம் நிழலில் உட்கார்ந்திருந்தபோது யாரோ ஆரம்பித்தான்.

"ஆர்விட், அந்தக் காந்தக் கதையச் சொல்லுப்பா. இவன் புதுசு, கேட்டதில்ல."

வெண்டல் சட்டென்று போட்டி விவரம் பேச ஆரம்பித்தான். அவன் முழங்காலில் கை வைத்து நிறுத்தினேன். சொன்னேன். டக் டக் என்று வரும் இடத்தில் வழக்கம்போல் சிரித்தார்கள். மிச்சத்தையும் சொன்னேன். லேலண்ட் வரைக்கும். எழுந்துபோய் ஒருவன் தண்ணீர் குடித்தான். புதிதாக வந்தவன், தன் துப்பாக்கியிலும் ஆணி இருக்கிறது, பார்த்துச் சொல்வீர்களா என்று கேட்கத்தான் வந்திருந்தானாம். கேட்காமலே போனான்.

திரும்பி வரும் வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே வெண்டல் சொன்னான்: "காந்தத்த எடுன்னு முதல்ல ஏத்திவிட்டது நான்தான்டா. அத ஏன் சொல்லல?"

"நீ பிடுங்கல."

என் வாசலில் இறக்கிவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 25, புதன்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். விடிந்ததில் இருந்து ஜன்னலோரம் நின்றேன். பஸ் வந்தது. வேகம் குறையவில்லை. வெர்னா சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு விரல் தூக்கினாள். எதிரே வருகிற யாருக்கும் தூக்குவார்களே, அந்த ஒரு விரல்.

அவசரத்தில் கையைத் தூக்கியதில் காபி முழுக்கச் சட்டையில். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும் குவளையைத் தூக்கியபடியே நின்றிருந்தேன்.